ஹேம நதி என்கிற குறட்டையாறு

என்ன ஆறுன்னா கேட்டிய? பாலத்துல போர்ட வாசிச்சியளா? ஹேம நதின்னு போட்டிருக்கும். பச்சை போர்டு, வெள்ளை எழுத்து. இந்த ஆத்து மேல நாலு பாலம் சார், நாலுலயும் அந்தப் போர்டு நிக்கி. நாலையும் வைக்க வச்சது நான்தான். மனு எழுதி எழுதி. எட்டு வருசம்.

நான் அணைக்கட்டு லஸ்கரா இருந்தேன். பேரு சிவனணைஞ்சான். முப்பத்தோரு வருசம் ஒரே அணை. ஷட்டரத் தூக்கணும், எறக்கணும், அளவுகோல்ல தண்ணி எத்தன அடின்னு பாத்து ஆபீசுக்குப் போன்ல சொல்லணும். போன ஆனி மாசம் ரிட்டயர்டு. மாலை போட்டாவ, ஒரு சுவர்க் கடிகாரம் குடுத்தாவ. அதக்கூட நான் மாட்டல. மாட்டி என்னத்தப் பாக்க.

மேக்க அந்த மலை தெரியுதுல்லா, ரெட்டக் கொம்பு கணக்கா. நடுவுல புல்லுமேடு, அங்கன மூணு ஊத்து. எஸ்டேட்காரங்க அதுக்கு ரெண்டாம் ஓடைன்னு சொல்லுதாவ. மலையிலயே குடியிருக்க காணிக்காரங்க வேற என்னவோ பேரு வச்சிருக்காவ. நான் கேட்டதில்ல. கேட்டு என்ன செய்ய. ஊத்து எறங்கி, பாறையில விழுந்து, எங்க ஊருக்கு மேல ஒரு குடைவுப் பாறைக்குள்ள பூந்து வெளிய வருது. பூரும்போது ஒரு சத்தம் போடும். ஆளு அசந்து தூங்கும்போது வருமே, அந்தச் சத்தம். இழுக்கும், நிறுத்தும், விடும். அதனால ஊர்க்காரன் அதுக்குக் குறட்டையாறுன்னு பேரு வச்சுட்டான். எங்க ஊர் தாண்டிக் கிழக்க பதினாலு மைல் போனா தாழையடி. அதுக்கு அங்குட்டுப் பெரிய ஆத்துல சேந்துரும். தாழையடியில சத்தமே கெடையாது சார், மணல்ல பூனை நடக்குத மாதிரிப் போவும். ஆனா அங்கயும் குறட்டையாறுதான். பேரும் தண்ணி கூடவே எறங்கிப் போயிருக்கு.

உங்களுக்குச் சிரிப்பு வருது. சிரிங்க. எல்லாரும் சிரிக்கத்தான் செஞ்சாவ.

எம் பொண்ணு பொன்வடிவ பாக்க வந்திருந்தாவ. மாப்பிள்ளைக்கு டவுனு. மாப்பிள்ளையோட மாமா ஒருத்தர், பெரிய மீச, காப்பிய உறிஞ்சிக்கிட்டே கேக்காரு, "குறட்டையாத்துத் தண்ணி குடிச்சு வளந்த பொண்ணு, நம்ம பயல தூங்க விடுமா?" எல்லாரும் சிரிச்சிட்டாவ. மாப்பிள்ள சிரிக்கான். எம் பொண்டாட்டி சங்கரவடிவு வாயப் பொத்திக்கிட்டுச் சிரிக்கா. உள்ள இருந்து எம் பொண்ணு சிரிக்க சத்தமும் கேட்டுது. எனக்கு மட்டும் சிரிப்பு வரல. கல்யாணம் நடந்துட்டு, அவங்க நல்லாத்தான் இருக்காவ. அது வேற. ஆனா ஒரு மனுசன் பொறந்த ஊர்த் தண்ணிக்கு அப்படி ஒரு பேரா? யோசிச்சுப் பாருங்க.

அந்த வருசம்தான் பெரிய இன்ஜினியர் அணையப் பாக்க வந்தாரு. ஜீப் மேல ஒரு பழைய வரைபடத்த விரிச்சாரு. நீலக் கோடு மலையில இருந்து எறங்கி வருது. அதுக்குப் பக்கத்துல எழுத்துக்கூட்டி வாசிக்கேன்: ஹேம நதி. "சார், இது எங்க ஆறா"ன்னேன். "ஆமாய்யா, உம்ம ஆறுதான். அந்தக் காலத்துல சர்வே பண்ண எவரோ போட்டிருக்காரு. அவரு சம்சாரம் பேரா இருக்கும்"னு சொல்லிட்டு மடிச்சு வச்சுட்டாரு. அவருக்கு அது வெளையாட்டு. எனக்கு அப்படி இல்ல. ஹேமம்னா தங்கம் சார். நம்ம தண்ணிக்குத் தங்கம்னு பேரு இருந்திருக்கு, நமக்குத்தான் தெரியல.

அன்னைக்கு ஆரம்பிச்சது. கலெக்டராபீசு, ரோடு ஆபீசு, எம்.எல்.ஏ. வீடு, ஒண்ணு விடல. அணையில தினப்படி எழுதுத நோட்டுல குறட்டைங்கிற சொல்லையே எடுத்துட்டேன். டீக்கடையில எவனாவது குறட்டையாத்துல குளிச்சேன்னு சொன்னா, "எந்த ஆத்துல?"ன்னு கேப்பேன். திருத்திச் சொன்னாத்தான் விடுவேன். கடைசியில என் முன்னால ஒருத்தனும் அந்தப் பேரச் சொல்லதில்ல. சரி, பேரு மாறிட்டுன்னு நெனச்சேன். சங்கரவடிவு ஒருநாள் சொன்னா, "பேரு மாறல. உங்களக் கண்டா ஆளுக வாய மூடிக்கிடுதாவ." அவளுக்கு என்னையக் குத்திக்காட்டுததே வேலை.

மணி என்ன சார் ஆவுது? பத்தேகாலா. சரி, சரி.

முந்தின வருசம் ஐப்பசி. அத முதல்ல இருந்து ஒழுங்காச் சொல்லுதேன், நடுவுல கேள்வி கேக்காதிய. ஏன்னா நான் செஞ்சதுல தப்பு எங்கன்னு நீங்களே பாத்துச் சொல்லணும்.

மூணு நாளா மலையில மழை. கீழ தூத்தல்தான். காலையில ஒம்பது மணிக்கு அளவுகோலப் பாக்கேன், நாலரை அடி. பீடி ஒண்ணு பத்தவச்சு முடிக்கிறதுக்குள்ள அஞ்சேகால். தண்ணி நெறம் மாறிட்டு. மரக்கட்ட வருது, வேரோட ஈத்த மூங்கில் வருது. ஷட்டர் எல்லாத்தையும் தூக்கிட்டேன். அந்தானைக்கு ஆபீசுக்குப் போன் போட்டேன். ஒரு நிமிசம் சொணங்கல. அத எழுதி வச்சிருக்கேன், ஒம்பது பன்னெண்டு.

போன எடுத்தது இளம் இன்ஜினியர் அம்மா. செல்வராணி மேடம். வந்து ரெண்டு மாசம்தான் ஆவுது. "அண்ணாச்சி, ஆட்டோவுல மைக் கட்டி அனுப்புதேன். அறிவிப்பு எழுதுதேன், சொல்லுங்க. கீழ உள்ள ஆளுக இந்த ஆத்த என்ன பேரு சொல்லுவாவ?"ன்னு கேட்டாவ. நல்ல கேள்வி. கேக்க வேண்டிய கேள்வி.

நான் சொன்னேன், "ஹேம நதின்னே போடுங்க மேடம். அதான் பேரு."

"ஜனங்களுக்குப் புரியுமா?"

"போர்டு வச்சு மூணு வருசம் ஆவுது மேடம். சின்னப் பிள்ளையும் சொல்லும்."

அவ்வளவுதான் பேச்சு. போன வச்சுட்டாவ.

பத்தரைக்கு ஆட்டோ தாழையடி ரோட்டுல போயிருக்கு. ஹேம நதியில் வெள்ளம் பெருகி வருகிறது, ஹேம நதிக் கரையோர மக்கள் பாதுகாப்பான இடத்துக்குச் செல்லவும். ரெண்டு தரம் போயிருக்கு சார், ரெண்டு தரம். உள்ளூர்க்காரனுக்கு அறிவிப்பே வேண்டாம். மேக்க மலை மூடிட்டுன்னா அவன் ஆத்துல கால வைக்க மாட்டான்.

ஆனா மணல்திட்டுல வாத்துக்காரங்க எறங்கியிருந்தாவ. வடக்க இருந்து வருவாவள்லா, அறுவடை வயல்ல வாத்து மேய்க்க. புருசன் பொண்டாட்டி ரெண்டு பேரு. ஏழுமலை, பச்சையம்மா. எழுநூறு வாத்து. வந்து நாலு நாள்தான் ஆச்சு. வந்த அன்னைக்கே கரையில நின்ன ஆள்கிட்ட, இது என்ன ஆறுன்னு கேட்டிருக்காவ. குறட்டையாறுன்னு அவன் சொல்லியிருக்கான். பேரக் கேட்டு அவங்களும் சிரிச்சாங்களாம்.

மைக் சத்தம் அவங்களுக்கு நல்லாக் கேட்டிருக்கு. அதுதான் சார் கேட்டிருக்கக் கூடாதுன்னு எனக்குத் தோணும். கேக்கலன்னா வேற கதை. ஏழுமலை கோலத் தோள்ல வச்சுக்கிட்டு நின்னு கேட்டிருக்கான். கேட்டுட்டுப் பொண்டாட்டிகிட்டச் சொல்லியிருக்கான், "எங்கியோ ஹேம நதியாம். அந்த ஊரு ஜனங்க இன்னா பண்ணுதோ, பாவம்."

பாவம்னு சொல்லியிருக்கான்.

பொறவு அவ கரையேறி, கடைக்கு அரிசி வாங்கப் போனா. பன்னெண்டே முக்காலுக்குத் தண்ணி வந்துட்டு. பட்டியில வாத்து அடைஞ்சு கெடந்துது, சுத்தி வலை. அவன் கரைக்கு ஓடியிருக்கலாம். ஓடல. வலையப் பிரிச்சு விடப் போயிருக்கான். வாத்து மிதக்கும், மனுசன்? கரையில இருந்து நாலஞ்சு பேரு பாத்திருக்காவ. வாத்து வெள்ள வெள்ளயா தண்ணி மேல ஏறி வருது, அவன் தலை மட்டும் ரெண்டு தரம் தெரிஞ்சுது, பொறவு இல்ல. மூணு நாளு கீழ உள்ள ஊர்க்காரங்க எல்லாரும் ஒதுங்கின வாத்தப் புடிச்சுக் கொண்டாந்து குடுத்தாவ. ஐநூத்திச் சொச்சம் வந்துட்டு. ஏழுமலை வரல. உடம்பும் கெடைக்கல.

கொஞ்சம் இருங்க சார். தண்ணி குடிச்சுக்கிடுதேன்.

நான் என்ன சொன்னேன்னா, போர்டு இருக்குல்லா, வாசிச்சிருக்கலாம்லா, அப்படின்னு சொன்னேன். எங்க ஊர் டீக்கடையில வச்சுச் சொன்னேன். ஒருத்தன் சொல்லுதான், "அண்ணாச்சி, தாழையடிப் பாலத்துப் போர்டுல பூப்புனித நீராட்டு போஸ்டர் ஒட்டி ஆறு மாசம் ஆவுது." நான் போய்ப் பாத்தேன். உண்மைதான். நகத்த வச்சுச் சுரண்டி எடுத்தேன். அதுக்குள்ள எல்லாம் முடிஞ்சு போச்சு.

பதினஞ்சு நாள் கழிச்சு அந்தப் பொம்பள எங்க அணைக்கு வந்து நின்னா. நெட்டையா, கறுப்பா, ஆம்பளச் சட்டை ஒண்ணு சேலைக்கு மேல போட்டுக்கிட்டு. "லஸ்கருங்களா? நான் பச்சையம்மா. வாத்துக்காரி"ன்னா. போலீசுல புகார் எழுதும்போது எந்த ஆறுன்னு கேட்டிருக்காவ. இவ குறட்டையாறுன்னு சொல்லியிருக்கா. அப்படியே எழுதிட்டாவ. பெரிய ஆபீசுக்குக் காகிதம் போனா, இந்தத் தாலுகாவுல அப்படி ஒரு ஆறே கெடையாதுன்னு திருப்பிட்டாவ. உடம்பும் இல்ல, ஆறும் இல்லன்னா இறப்புச் சான்று எப்படிக் குடுக்க? ரெண்டும் ஒரே ஆறுன்னு தெரிஞ்ச ஆள்கிட்ட எழுதி வாங்கிட்டு வான்னு சொல்லியிருக்காவ.

"அண்ணே, எங்க ஊர்ல கருமாதி செய்ய வுட மாட்டேங்குறாங்க. அவரு சாவல, நான் சண்ட போட்டுத் தொரத்திட்டேன்னு அவரு தம்பிங்க சொல்றாங்க. பொட்ட அழிச்சாலும் திட்டுறாங்க, வச்சாலும் திட்டுறாங்க. ஒரு வரி எழுதிக் குடுங்கண்ணே."

நான் சொன்னேன், "ஏம்மா, குறட்டையாறுன்னு ஒண்ணு கெடையாது. போலீசுல போயி ஹேம நதின்னு திருத்தி எழுதச் சொல்லு. சோலி முடிஞ்சுது."

அவ என்னையவே பாத்தா. "என்கிட்ட யாருமே அந்தப் பேரச் சொல்லலையேண்ணே"ன்னா. சத்தம் போடல. சொல்லிட்டுப் போயிட்டா.

ரெண்டாவது தடவ வந்தா. உடம்பு சரியில்லன்னு வீட்டுக்குள்ள இருந்துக்கிட்டே சொல்லியனுப்பிட்டேன். ஏன்னா இதுக்குள்ள ஆபீசுல விசாரண வந்துட்டு. ஜனங்களுக்குத் தெரியாத பேர அறிவிப்புல எப்படிப் போட்டியன்னு செல்வராணி மேடத்துக்கு மெமோ. யார் சொன்னான்னு கேட்டிருக்காவ. மேடம் என்ன எழுதினாவ தெரியுமா? வரைபடத்தப் பாத்து நானே எடுத்தேன்னு எழுதிட்டாவ. என் பேர இழுக்கவே இல்ல. அதுவும் பொய் இல்லல்லா, வரைபடத்துல அப்படித்தான இருக்கு. நல்ல மனுசி. அவங்களத் தொலைவா ஒரு எடத்துக்கு மாத்திட்டாவ. பச்சப் பிள்ளைய வச்சுக்கிட்டுப் போனாவ. போம்போது என்கிட்ட, "அண்ணாச்சி, மழைக்காலத்துல ஜாக்கிரத"ன்னு மட்டும் சொன்னாவ. எதுக்கு அப்படிச் சொன்னாவன்னு எனக்கு இன்னும் பிடிபடல.

மூணாவது தடவ பச்சையம்மா வந்தப்ப சங்கரவடிவு அவளுக்குச் சோறு போட்டுட்டா. திங்க வச்சிட்டு என்கிட்ட வந்து தாளும் பேனாவும் நீட்டுதா. எழுத ஒக்காந்தேன். ஹேம நதியும்னு எழுதுவேன், அடுத்த சொல்லு வராது. கிழிப்பேன். எத்தன தாள் கிழிச்சேன்னு தெரியல. கையெழுத்து அழகா இருக்கும் சார் எனக்கு, அன்னைக்குக் கோழி கிண்டின மாதிரி இருக்கு. சங்கரவடிவு பக்கத்துல நின்னு சொல்லுதா, "இத்தன மனு எழுதின கை. ஒரு வரி எழுத முடியலையா?"

எழுதிட்டேன். ஹேம நதியும் குறட்டையாறும் ஒன்றே. சிவனணைந்தான், லஸ்கர். அவ்வளவுதான்.

அத வச்சு இறப்புச் சான்று விசாரணைக்கு என்னையும் கூப்புட்டாவ. அதிகாரி வயசானவரு, கண்ணாடிக்காரரு. பச்சையம்மா வெளிய வராந்தாவுல இருக்கா. "ரெண்டும் ஒரே ஆறுதானா?"ன்னாரு. ஆமான்னேன். "சரி, போகலாம்"னாரு. நான் போகல சார். எனக்கே தெரியாம வாய் பேசுது. "அய்யா, அந்த அறிவிப்புல ஹேம நதின்னு போடச் சொன்னது நான்தான். மேடம் கேட்டாவ, ஜனங்க என்ன சொல்லுவாவன்னு. எனக்குத் தெரியும். தெரிஞ்சும் மாத்திச் சொன்னேன்"னேன். அவரு எழுதிக்கிட்டிருந்த பேனாவ நிறுத்தினாரு. என்னைய ஒருமட்டம் பாத்தாரு. "அதெல்லாம் இந்த ஃபைலுக்கு வேண்டாம்யா. மொத வரி போதும்"னு சொல்லிட்டு அடுத்த ஆளக் கூப்பிட்டாரு.

எழுதிக்கிடவே இல்ல சார். நான் சொல்லுதேன், என் வாயால சொல்லுதேன், அவரு எழுதிக்கிடல. அதுதான் என் கோவம். முப்பத்தோரு வருசம் தண்ணி இத்தன அடின்னு நான் சொன்னதெல்லாம் எழுதினாவ. இத எழுதல.

வெளிய வந்தேன். பியூன் அவகிட்டக் காகிதத்த வாசிச்சுக் காட்டுதான். "அந்த ஆறு வர்ற எடத்த இன்னொரு தபா வாசிங்க"ன்னா. வாசிச்சான். மடிச்சு சட்டப் பையில வச்சா. என்னைய ஒருதரம் பாத்தா, கெளம்பிட்டா. ஒரு கும்பிடு போடல. ஒரு நல்ல வார்த்த சொல்லல. எங்க வீட்டுச் சோத்தத் தின்னவ, என்னையத் தெரியாத மாதிரி மூஞ்சிய வச்சுக்கிட்டுப் போயிட்டா. எனக்கு மனசு ஆறல. என்ன பொம்பளன்னு சங்கரவடிவுகிட்டச் சொல்லிச் சொல்லி மாஞ்சேன்.

ஆனா ஒரு வேலையும் ஓடல. அதிகாரிகிட்டச் சொன்னத அவகிட்டச் சொல்லலையேன்னு ஒரே நமச்சல். தை மாசம், அறுப்பு முடிஞ்சு, அவ கருமாதிய முடிச்சிட்டு, கூடப் பொறந்த தம்பியக் கூட்டிக்கிட்டு மறுபடி வாத்தோட இந்தப் பக்கம் வந்திருக்கான்னு கேள்விப்பட்டேன். பஸ் ஏறிப் போனேன். வயக்காட்டுக்கு நடுவுல நிக்கா. ஐநூறு வாத்தும் ஒரே கத்தல். கிட்டப் போயி, "பச்சையம்மா, உன்கிட்ட ஒண்ணு சொல்லணும்"னேன். "மைக்குல அந்தப் பேரச் சொல்லச் சொன்னது நான்தாம்மா."

அவ கோல வச்சு வாத்த ஒதுக்கிக்கிட்டே சொன்னா, "தெரியும்ண்ணே."

"யாரு சொன்னா?"

"உங்க ஊருக்கு மொத தபா வந்தேன்ல, டீக்கடைல வழி கேட்டேன். இவருதாம்மா பேர மாத்துனவரு, இவருகிட்ட அது நடக்காது, நீ கிராம அதிகாரியண்ட போ, அவரு எழுதுனாலே போதும்னு சொன்னாங்க. அந்தப் பேப்பரு எனக்கு அன்னிக்கே கெடச்சிருக்கும்."

"பொறவு எதுக்கும்மா மூணு தடவ என்கிட்ட வந்த?"

அவ நின்னா. நேரா என் முகத்தப் பாத்தா. "நீங்க எழுதணும்ண்ணே. உங்க கையால. எழுதிட்டீங்க"ன்னா. அவ்வளவுதான் சொன்னா. திரும்பி வாத்துக்குப் பின்னால போயிட்டா. கோவமாச் சொல்லியிருந்தா நான் பதில் சொல்லியிருப்பேன். மண்ண வாரித் தூத்தியிருந்தா வாங்கியிருப்பேன்.

அதுல இருந்து இதே நெனப்பு, ரிட்டயர்டு ஆனதும் இந்த அலச்சல் சார். இப்போ புரட்டாசி கடேசி. இன்னும் பத்து நாள்ல மழை எறங்கிரும். அணையில புதுசா ஒரு பையன் இருக்கான், போன் போடுவான், நல்லாத்தான் பாக்கான். ஆனா அறிவிப்புல என்ன பேரு வரும்னு யாருக்குத் தெரியும். போர்டுல குறட்டையாறுங்கிற பேரையும் சேத்து எழுதணும்னு மனு குடுத்திருக்கேன். மொத மனுவுக்கு எட்டு வருசம் ஆச்சு. அதுவரைக்கும்? வெளியூர்க்காரன் வந்துக்கிட்டேதான இருக்கான். கெடா ஓட்டிக்கிட்டு வாரான், கரி சுட வாரான், சும்மா குளிக்க வாரான். காலையில மேல இருந்து ஒரு பஸ், சாயங்காலம் கீழ இருந்து ஒரு பஸ். கரையில புது ஆளு தெரிஞ்சா எறங்கி, ஆத்துக்கு ரெண்டு பேருன்னு சொல்லிட்டு வருவேன். சங்கரவடிவு ரெண்டு வேளைக்கும் தயிர்ச்சோறு கட்டிக் குடுத்துருதா. பைத்தியம்னு சொல்லுதவனும் உண்டு.

கொஞ்சம் தள்ளிக்கிடுங்க சார், அந்தப் பக்கம் பாக்கணும். அந்தா, மணல்ல, கருவேல மரத்துக்குக் கீழ. நீலத் தார்ப்பாய் தெரியுதா? ரெண்டு. அடுப்புப் புகையுது. போன வாரம் அது இல்ல சார். அங்க யாரும் இல்ல. ஒரு பிள்ள ஓடுது பாருங்க.

கண்டக்டர் தம்பி, ஹோல்டான். ஸ்டாப் இல்லன்னு தெரியும்டே, செத்த நிறுத்து.

பைய எடுங்க சார். வழிய விடுங்க.